எச்.டபிள்யூ. 30 எஸ்: 0.177 ஏர் ரைஃபிளின் பலமும் எல்லையும்

ஏர் ரைஃபிள் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தைத்தான். வினாடிக்கு 1000 அடி, 1200 அடி என்று போட்டிருந்தால் அதுவே உசத்தி என்று நினைக்கிறார்கள். குறி பார்த்துச் சுடக் கற்க விரும்புபவருக்கு இதைவிடத் தவறான அளவுகோல் கிடையாது. ஜெர்மனியின் மெல்ரிஷ்டாட் நகரில் வைராக் நிறுவனம் தயாரிக்கும் எச்.டபிள்யூ. 30 எஸ் அதைத் தெளிவாகவே காட்டிவிடும். ஜெர்மனியில் விற்கும் வடிவத்தின் ஆற்றல் 7.5 ஜூலுக்குள் அடங்கும். அதற்கு அடையாளமாக ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ என்ற முத்திரை இருக்கும். 18 வயது நிரம்பியவர் அங்கே இதை உரிமமில்லாமல் வாங்கலாம். அமெரிக்காவில் இதே துப்பாக்கி பீமன் ஆர் 7 என்ற பெயரில் நெடுங்காலம் விற்பனையானது.

எடை சுமார் 2.5 கிலோ, நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேரலைக் கீழே மடக்கினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சுருங்கிப் பிஸ்டன் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். இதற்குப் பெரிய பலம் தேவையில்லை. 20 ஜூலுக்குப் பக்கத்தில் இருக்கும் துப்பாக்கிகளில் முப்பது நாற்பது குண்டுக்குள் தோள் சோர்ந்து, அதற்குப் பிறகு சுடுவதெல்லாம் வீணாகிவிடும். இதில் நூறு குண்டு சுட்டாலும் கை நடுங்காது. பயிற்சிக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்?

விலைக்கு முழு நியாயம் செய்வது ரெகார்ட் ட்ரிக்கர்தான். பெயரிலுள்ள ‘எஸ்’ இருந்தால்தான் அது கிடைக்கும், சாதா எச்.டபிள்யூ. 30-ல் வேறு ட்ரிக்கர் வரும். ரெகார்டில் இரண்டு கட்டம்: முதல் கட்டம் லேசாகப் பின்வாங்கித் தெளிவாக ஓரிடத்தில் நிற்கும், அங்கிருந்து சின்ன அழுத்தத்தில் விடுபடும். ட்ரிக்கருக்குப் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தி, ட்ரிக்கரை இழுக்கத் தேவையான அழுத்தத்தைக் குறைக்கலாம். ஒவ்வொரு முறையும் சுட்டுப் பார்த்த பிறகே அடுத்த கால் சுற்று. காக் செய்ததும், அதாவது பேரலை மடக்கிப் பிஸ்டனைப் பூட்டியதும், பின்முனையின் இடப்பக்கம் பாதுகாப்புப் பொத்தான் தானாக வெளியே வரும். அதை ஒருமுறை அழுத்திவிட்டால் மறுபடி மடக்காமல் திரும்பி வராது. ஆகவே குறி பார்க்கும் வரை அதைத் தொடக்கூடாது.

இனி 0.177 அங்குலம் என்ற குழல் அளவுக்கு (காலிபருக்கு) வருவோம். இதற்கான 4.5 மி.மீ. பெல்லட், அதாவது சிறிய ஈயக் குண்டு, 0.45 முதல் 0.67 கிராம் வரை பல எடைகளில் கிடைக்கிறது. ஒரே ஆற்றலில் 0.22, அதாவது 5.5 மி.மீ. பெல்லட்டைவிட இது வேகமாகப் போகும், குறைவாகச் சரியும். 16 ஜூல் துப்பாக்கியில் 0.547 கிராம் பெல்லட் 25 மீட்டரில் பேரல் கோட்டிலிருந்து சுமார் 6 செ.மீ. இறங்கும், 1.03 கிராம் எடையுள்ள 0.22 பெல்லட் சுமார் 11 செ.மீ. இறங்கும். தூரத்தைக் கண்ணால் கணிப்பதில் ஐந்து மீட்டர் பிசகினாலும் சின்ன காலிபர் மன்னித்துவிடும்.

7.5 ஜூலில் கணக்கு இன்னும் நெருக்கமானது. அதே 0.547 கிராம் பெல்லட் வினாடிக்கு சுமார் 165 மீட்டரில் கிளம்பும். ஸ்கோப்பின் (குறி பார்க்கும் தொலைநோக்கியின்) மையம் பேரலுக்கு 4 செ.மீ. மேலே இருந்து, 20 மீட்டருக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்தால், 10 மீட்டரிலும் ஏறக்குறைய அதே புள்ளியில் விழும். 15 மீட்டரில் அரை செ.மீ. மேலே, 25-ல் 2 செ.மீ. கீழே, 30-ல் 5 செ.மீ. கீழே. இதுதான் இந்தத் துப்பாக்கியின் ராஜ்ஜியம்: 10 முதல் 20 மீட்டர். அதற்குள் குறியை மாற்றிப் பிடிக்கும் வேலையே இல்லை. 30 மீட்டரில் மணிக்கு 8 கி.மீ. குறுக்குக் காற்றே பெல்லட்டை ஏறக்குறைய 4 செ.மீ. தள்ளிவிடும். திறந்தவெளியில் தூரத்துக் குறிகளை அடிக்க நினைப்பவர் வேறு துப்பாக்கி தேடட்டும்.

பெல்லட் தேர்வில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 மீட்டர் காகித இலக்குக்கு 0.53 கிராம் தட்டைத்தலை பெல்லட் போதும். அது காகிதத்தில் சுத்தமான வட்டத் துளை போடும், புள்ளி எண்ணச் சுலபம். 15 மீட்டரைத் தாண்டினால் உருண்டைத்தலைதான், தட்டைத்தலை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ஒரே பிராண்டில் 4.50, 4.51, 4.52 என்று தலை அளவு மாறும். எது பொருந்தும் என்பதைப் பேரல்தான் சொல்ல வேண்டும்: மூன்று நான்கு வகையில் ஐந்தைந்து குண்டாகச் சுட்டுப் பாருங்கள். நல்ல பொருத்தத்தில், மணல் மூட்டை மேல் வைத்து 10 மீட்டரில் சுட்டால் ஐந்து துளைகளும் ஒரு செ.மீ. வட்டத்துக்குள் அடங்கும். பெல்லட்டின் பின்பாவாடை (பின்பக்கம் விரிந்த விளிம்பு) நசுங்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். காற்று அந்த வழியே கசிந்து குண்டு கீழே விழும். எஃகு உருண்டைகளைப் போடவே கூடாது. பேரலின் வரிப்பள்ளங்களைக் கெடுப்பதோடு, பட்ட இடத்திலிருந்து முகத்துக்கே திரும்பி வரும்.

புதியவர்கள் திணறுவது பிடியில்தான். ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது பின்பக்கமாக ஒன்று, அது காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது முன்பக்கமாக ஒன்று. பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே அசைவு தொடங்கிவிடுவதால், இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் குறி வேறு இடத்துக்குப் போகும். முன்கையைத் திறந்த உள்ளங்கையாக வைத்து, துப்பாக்கியை அதன்மேல் சும்மா கிடத்த வேண்டும். தோளில் லேசான அணைப்பு போதும். நேரே மேசையில் சாய்த்துச் சுடாதீர்கள், பேரல் துள்ளும். இந்த இரட்டை உதை காரணமாகவே சாதாரண ரைஃபிள் ஸ்கோப் உள்ளே உடைந்துபோகும். ஏர் கன்னுக்கென்று செய்த ஸ்கோப்பும், மேலேயுள்ள துளையில் நிற்கும் தடுப்பு ஊசி கொண்ட, ஸ்கோப்பைப் பொருத்தும் 11 மி.மீ. மவுண்ட்டும் வேண்டும். உண்மையில் முதல் சில மாதங்களுக்கு ஸ்கோப்பே தேவையில்லை, கூடவே வரும் முன் பின் குறிகள் நல்லவை.

குண்டுகள் திடீரென்று சிதறத் தொடங்கினால் பெல்லட்டைக் குறை சொல்வதற்கு முன் ஸ்டாக்கின் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டையின்) திருகுகளைப் பாருங்கள். முன்பக்கம் இருபுறமும் உள்ளவையும் ட்ரிக்கர் கார்டில் உள்ளதும் உதையில் தளரும். அடுத்து பேரல் மடங்கும் இடத்திலுள்ள சீல்: ஒரு மெல்லிய டிஷ்யூத் துண்டை அங்கே வைத்துச் சுடுங்கள். துண்டு பறந்தால் காற்று கசிகிறது, சீலை மாற்ற வேண்டும். சுடும்போது ‘டொய்ங்’ என்று அதிர்வு கேட்டால் ஸ்பிரிங்கின் உள்வழிகாட்டி தளர்வாக இருக்கிறது என்று பொருள். குறி தவறாது, ஆனால் காதுக்குத் தொல்லை. இறுக்கமான வழிகாட்டி போட்டால் அடங்கும்.

எண்ணெய் விஷயத்தில் அக்கறைப்பட்டுக் கெடுப்பவர்களே அதிகம். காற்றுத் துவாரத்தில் எண்ணெய் விட்டால் அழுத்தச் சூட்டில் அது பற்றிக்கொண்டு வெடிச்சத்தமும் புகையும் வரும். சீல் கருகும், ஸ்பிரிங் முறியும். வெறும் பேரலோடு சுடுவதும் அதே கேடு: பெல்லட் இல்லாவிட்டால் காற்று மெத்தை உருவாகாமல் பிஸ்டன் இரும்பில் போய் மோதும். காக் செய்து மணிக்கணக்கில் வைக்காதீர்கள். பெல்லட் இடும்போது பேரலை ஒரு கையால் கட்டாயம் பிடித்திருக்க வேண்டும். பூட்டு நழுவினால் பேரல் மேலே வீசி விரலை நொறுக்கிவிடும்.

இதைப் போட்டித் துப்பாக்கி என்று எண்ண வேண்டாம். ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டியும் இதே 4.5 மி.மீ.தான், 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பதக்கங்கள் குவித்ததும் அந்த அளவில்தான். அவர்கள் கையில் இருப்பது உருளையில் அடைத்த காற்றில் இயங்கும், உதையே தெரியாத ரகம். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மி.மீ. மட்டுமே. ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கியில் பிடியைச் சீராக்கப் பழகியவருக்கு அந்த ரகம் சுலபமாகக் கைவரும்.

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ குழல் அளவு 0.177-ஐத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். இது இரண்டிலும் உள்ளே நிற்கிறது. பறவைகள், அணில்கள் மேல் இதை நீட்டுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்காகும். சட்டம் ஒருபுறம் இருக்க, 7.5 ஜூல் பல நேரம் உடனே கொல்லாது, காயப்படுத்திச் சித்திரவதைதான் செய்யும். அதே சமயம் மனிதக் கண்ணைப் பறிக்க இதுவே அதிகம். மேல்நோக்கிச் சுட்ட பெல்லட் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். எனவே இலக்குக்குப் பின்னால் பழைய இதழ்களை இறுக்கி அடுக்கிய பெட்டியோ கெட்டியான மண்மேடோ இல்லாமல் முதல் குண்டைக்கூடப் போடாதீர்கள். கண்ணாடி அணியுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் துப்பாக்கி ஒரு அலமாரியிலும் பெல்லட் டப்பா வேறொரு அலமாரியிலும் பூட்டியிருக்கட்டும்.