சமையலறைக் குப்பைய உரமாக்குற மூணு அடுக்கு மண்பானை கம்போஸ்டர், வாங்கலாமா?
நாலு பேர் இருக்குற வீட்டுக்கு தாராளமா போதும். பிளாஸ்டிக் டப்பாவ விட மண்பானை எவ்வளவோ மேல்ங்க, அதிக ஈரத்த அதுவே இழுத்துக்கும். காய்கறித் தோல், டீத்தூள், வாடின பூ எல்லாம் போட்டு மேல காஞ்ச இலையோ தேங்கா நார்த்தூளோ நல்லா தூவி, அப்பப்ப கிளறிவிட்டு, புளிச்ச மோர் கொஞ்சம் தெளிச்சா நாத்தமே வராது. மேல் பானை நிரம்பினா கீழ இறக்கிட்டு காலிப்பானைய மேல வைக்கணும், ரெண்டு மூணு மாசத்துல கறுப்பா பொலபொலன்னு உரம் ரெடி. உள்ள தடியா புழு நெளிஞ்சா பயந்துடாதீங்க, பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளைங்குற ஒரு வகை ஈயோட புழுதான், குப்பைய வேகமா தின்னு தீர்க்குறதே அதுதான். குறைன்னா மூடி தான், சரியா பொருந்தல, எலித் தொல்லை இருந்தா மேல கல்லு வைங்க. நிரம்பின பானைய தூக்க ரெண்டு ஆள் வேணும். மாடித்தோட்டம் வச்சிருக்குறவங்க கண்டிப்பா வாங்குங்க.