மிக்ஸ்ட் பெட்டா, தனித்தனி ரெசினா? போர்வெல் நீரில் பவளம் வளர்ப்பவரின் கணக்கு

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீர் (மெம்பிரேன் வழியே உப்பை வடிகட்டியது) மட்டும் போதாது, அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் மணிகளான டிஐ ரெசினும் வேண்டும் என்று முடிவானதும் அடுத்த கேள்வி வந்து நிற்கும். நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் கேட்டயான் ரெசின், எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் ஆனயான் ரெசின் இரண்டையும் ஒன்றாகக் கலந்து விற்கும் மிக்ஸ்ட் பெட் ரெசினை வாங்குவதா, அவற்றைத் தனித்தனிக் குடுவைகளில் நிரப்பிக்கொள்வதா? நான் மிக்ஸ்ட் பெட்டில் தொடங்கி, இப்போது தனித்தனியாக வைத்திருக்கிறேன். சென்னையில் போர்வெல் நீரை நம்பிப் பவளம் வளர்க்கும் எவருக்கும் இதையே சொல்வேன்.

நன்னீர் மீன் வளர்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. டிஸ்கஸ் வளர்க்கக்கூட நல்ல ஆர்ஓ நீரைக் குழாய் நீருடன் அளவாகக் கலந்தால் போதும். ரெசினிலிருந்து வரும் நீரில் தாது உப்புகள் இல்லை. அதை அப்படியே நன்னீர்த் தொட்டியில் ஊற்றவும் கூடாது. கடல்நீர்த் தொட்டிக்கு மட்டும்தான், உப்புக் கலவையே எல்லாத் தாதுக்களையும் கொண்டுவருவதால், சுத்தமான நீரிலிருந்து தொடங்குவது லாபம்.

கடையில் ‘ரெசின்’ என்று மட்டும் கேட்காதீர்கள். மலிவாகக் கிடைப்பது வாட்டர் சாஃப்ட்னருக்கான சோடிய வடிவக் கேட்டயான். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்பின் மொத்த அளவு) குறையாது. இண்டியான் 225 என்ற கேட்டயான் ரெசின் என்றால், அதில் சோடிய வடிவமான ‘என்ஏ’ சாஃப்ட்னருக்கு, ஹைட்ரஜன் வடிவமான ‘ஹெச்’ நமக்கு. ஆனயானும் பெரும்பாலும் குளோரைடு வடிவில்தான் மூட்டையில் வருகிறது. அதைக் காஸ்டிக் சோடாவால் ஹைட்ராக்சைடு வடிவுக்கு மாற்றிய பிறகே பயன்படுத்த முடியும்.

மிக்ஸ்ட் பெட்டின் பெருமையை மறைக்க விரும்பவில்லை. நீரின் தூய்மையில் அதை மிஞ்ச முடியாது. ஒவ்வொரு துளியும் கேட்டயான் மணியையும் ஆனயான் மணியையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே இறங்குவதால் கடைசித் துளி அயனியும் சிக்கிவிடும். ஒரே குடுவை, இரண்டு இணைப்பு, வேலை முடிந்தது. நிறம் மாறும் வகையை வாங்கினால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

என் முடிவை மாற்றியது தூய்மை அல்ல, ரெசின் தீர்ந்த பிறகு நடப்பது. அதற்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடு.

ஆர்ஓ மெம்பிரேன் உப்பைத் தடுக்கும், கரைந்திருக்கும் வாயுவைத் தடுக்காது. காரத்தன்மை லிட்டருக்கு 350 மில்லிகிராம், பிஹெச் 7.3 என்றிருக்கும் ஒரு போர்வெல் நீரை எடுத்துக்கொள்வோம். அதில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். அது முழுவதும் மெம்பிரேனைத் தாண்டி வந்துவிடும். டிடிஎஸ் மீட்டர் 35 அல்லது 40 என்று காட்டும். இந்த வாயுவை அது ஏறக்குறைய கணக்கிலேயே சேர்க்காது. ஆனால் ஆனயான் ரெசினுக்கு அது சுமை. மீட்டர் காட்டும் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லி ஈக்விவலென்ட் (ரெசின் பிடிக்க வேண்டிய அயனிச் சுமையின் அலகு). கண்ணுக்குத் தெரியாத வாயுவும் அதே அளவு. அதாவது கேட்டயான் சுமப்பதைப்போல் இரு மடங்கை ஆனயான் சுமக்கிறது.

ஹைட்ரஜன் வடிவக் கேட்டயான் ஒரு லிட்டருக்குச் சுமார் 1.8 ஈக்விவலென்ட் தாங்கும். ஆனயானுக்கு ஏறத்தாழ 1. இரண்டும் சமபலம் பெறும்படி கலந்த மிக்ஸ்ட் பெட்டுக்கு 0.55 அளவில். மேலே சொன்ன நீரில் தனிக் கேட்டயான் ஒரு லிட்டர் சுமார் 2,500 லிட்டர் நீர் வரை ஓடும். ஆனயான் ஒரு லிட்டர் 700 லிட்டரில் முடியும். மிக்ஸ்ட் பெட் ஒரு லிட்டர் 400 லிட்டரைத் தொடும் முன்பே கைவிரிக்கும். அப்போது அதிலுள்ள கேட்டயானில் பாதி உழைக்காமலே கிடக்கும். இவை ஏட்டுக் கணக்குகள். நடைமுறையில் எல்லாமே இன்னும் குறையும், விகிதம் மட்டும் பெரிதாக மாறாது. கலந்த மணிகளைப் பிரிக்க எளிய வழியில்லாமல், பாதி உயிருள்ள ரெசினைக் குப்பையில் கொட்டுவதுதான் எனக்கு மனம் ஒப்பாத இடம்.

இந்தச் சுமையைக் குறைக்க ஓர் எளிய வழி உண்டு. ஆர்ஓ நீரை முதலில் ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் வைத்து இரவெல்லாம் காற்றடித்துவிட்டு, பிறகு சிறு மோட்டாரால் ரெசின் வழியே தள்ளுங்கள். வாயுவில் பெரும்பகுதி வெளியேறிவிடும். இதைச் செய்பவருக்கு மிக்ஸ்ட் பெட்டின் வீணும் வெகுவாகக் குறையும் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் தரப்பு வாதத்தின் பாதி பலம் இங்கே போய்விடுகிறது.

மீதிப் பாதி, தீர்ந்த ரெசினை மீண்டும் உழைக்கும்படி வீட்டிலேயே மீட்டெடுப்பது. கேட்டயானுக்கு 4 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஆனயானுக்கு 4 சதவீதக் காஸ்டிக் சோடா. ஒரு லிட்டர் ரெசினுக்கு மூன்று லிட்டர் கரைசல், முக்கால் மணி நேரமாவது எடுத்துக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். காஸ்டிக் கரைசல் வெதுவெதுப்பாக இருந்தால் சிலிக்கா நன்றாகக் கழன்று வரும். கழிவறை கழுவும் மஞ்சள் அமிலம் வேண்டாம், அதில் இரும்பு இருக்கிறது. காஸ்டிக்கைக் கரைப்பதும் ஆனயானை அலசுவதும் ஆர்ஓ நீரில்தான் இருக்க வேண்டும். கடின நீர் பட்டால் சுண்ணாம்பு ரெசினுக்குள்ளேயே படிந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. பிளீச்சிங் பவுடர் அருகிலேயே இருக்கக் கூடாது, அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். முடிந்ததும் இரண்டு கழிவு நீரையும் சிறுகச் சிறுக ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும்.

மிக்ஸ்ட் பெட்டையும் மீட்கலாம் என்பார்கள். ஆனயான் மணிகள் எடை குறைந்தவை. செறிவான உப்பு நீரில் அவை மிதக்க, கேட்டயான் அடியில் தங்கும். கொள்கை சரிதான். ஆனால் பிரிவு முழுமையாக இல்லாவிட்டால், ஆனயானோடு தங்கிய கேட்டயான் மணிகள் காஸ்டிக் பட்டுச் சோடிய வடிவுக்கு மாறி, பிறகு அந்தச் சோடியத்தை நீரில் விடும். நான் இதைச் செய்து பார்த்ததில்லை, செய்யவும் எண்ணமில்லை. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்து, அமிலமும் காஸ்டிக்கும் உள்ளேயே வரக் கூடாது என்றால் மிக்ஸ்ட் பெட்தான் சரி. அங்கே நான் வாதாட மாட்டேன்.

தனித்தனியாக வைப்பவர்கள் வரிசையை மாற்றக் கூடாது. கேட்டயான் முதலில், ஆனயான் அடுத்து. மாற்றினால் ஆனயானுக்குள் நீர் காரமாகி மக்னீசியம் படியும். கேட்டயானைத் தாண்டிய இடத்தில் மீட்டரை வைத்தால் ஆர்ஓ நீரைவிட அதிக எண் காட்டும். ரெசின் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். அங்கே உப்பெல்லாம் அமிலமாக மாறியிருக்கிறது, அமிலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அவ்வளவுதான்.

ஆனயான் தளரும்போது முதலில் நழுவுவது சிலிக்கா. மீட்டர் அப்போதும் பூஜ்யமே காட்டும். சிலிக்காவைக் கொண்டு வளரும் டயாட்டம் பாசி மணலில் பழுப்புப் படலமாகத் தோன்றிய பிறகுதான் தெரியும். அதனால் கடைசியில் ஒரு சிறு குடுவை மிக்ஸ்ட் பெட் வைத்திருக்கிறேன். முன்னே உள்ளவை சுமையை வாங்கிக்கொள்வதால் அது வெகுகாலம் உழைக்கிறது. ஆக, மிக்ஸ்ட் பெட்டை நான் கைவிடவில்லை, காவலுக்குக் கடைசியில் நிறுத்தியிருக்கிறேன்.

நெம்மேலி போன்ற நிலையங்களில் கடல்நீரைச் சுத்திகரித்து வழங்கும் குடிநீரை நம்பியிருப்பவர்கள் தங்கள் நீரை அளந்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு அந்த நீரில் பழக்கமில்லை. உப்பும் வாயுவும் குறைவாக இருந்தால் மிக்ஸ்ட் பெட்டே நெடுநாள் வரும், இவ்வளவு ஏற்பாடு மிகை.

எதை வாங்கினாலும் முன்னே இருக்கும் ஆர்ஓவைக் கவனியுங்கள். மெம்பிரேன் உப்பில் 95 சதவீதத்தைத் தடுப்பதற்கும் 98 சதவீதத்தைத் தடுப்பதற்கும் இடையே ரெசினுக்கு வரும் உப்பு இரண்டரை மடங்கு மாறுகிறது. சமையலறை ஆர்ஓவிலிருந்து நீர் எடுப்பவர்கள் டிடிஎஸ் கன்ட்ரோலரை (மெம்பிரேனைத் தாண்டாத நீரைச் சிறிது கலக்கும் திருகு) முழுதாக மூடி, மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்பே குழாயைப் பிரித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் சில நிமிட நீரில் உப்பு அதிகம், அதை ரெசினுக்கு விடாமல் வெளியேற்றுங்கள்.

ஆனயான் வாங்கும்போது டைப் 1 என்று கேட்டு வாங்குங்கள். டைப் 2 ஹைட்ராக்சைடு வடிவில் 40 டிகிரிக்கு மேல் தாங்காது. மே மாதத்தில் மொட்டைமாடி அறையே அந்தச் சூட்டை எட்டிவிடும். டைப் 1 பையையும் காற்றுப் புகாமல் கட்டி, ஈரம் காயாமல், நிழலில் வையுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையே அது தின்று தீரும். புது ஆனயானில் மீன் வாடை வருவது இயல்புதான். வாடை போகும்வரை வரும் நீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.