ஜி29-இல் காசு போடுவதானால் முதலில் பிரேக்கில் போடுங்கள்

கணினியில் கார் ரேஸ் கேம் ஆடுவதற்கான ஸ்டீயரிங், பெடல் செட்டான லாஜிடெக் ஜி29-ஐ வாங்கிய சில மாதங்களில் எல்லோருக்கும் கை அரிக்கத் தொடங்கிவிடும். பெரிய ஸ்டீயரிங் மாட்டலாமா, காந்த பேடில் ஷிஃப்டர் (ஸ்டீயரிங் பின்னால் விரலால் கியர் மாற்றும் தகடு) போடலாமா என்று தேட ஆரம்பிப்பார்கள். இது 2015-இல் வந்த மாடல். 900 டிகிரி சுழற்சி, பல்சக்கரம் வழியாகச் சுழற்றும் இரண்டு சின்ன மோட்டார், சுமார் 2.2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஸ்டீயரிங் பக்கம் எதை மாட்டினாலும் அந்த 2.2 கூடப்போவதில்லை. பெடலில் செய்யும் மாற்றமோ லேப் நேரத்திலேயே தெரியும். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் வருடக்கணக்கில் ஓடிய செட்டுகளில் எது தாங்கியது, எது பல்லிளித்தது என்ற கோணத்தில்தான் இந்தப் பகிர்வு. ஜி920, ஜி923 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஜி29 பிரேக்குக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு கறுப்பு ரப்பர் கட்டை இருக்கிறது. பாதித் தூரம் மெத்தென்று போய், பிறகு சுவரில் முட்டியதுபோல் நிற்பதற்கு அதுதான் காரணம். காசில்லாத முதல் வேலை, பெடல் பெட்டியைக் கவிழ்த்துத் திறந்து அந்த ரப்பரை எடுத்துவிடுவது. ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், முகத்துக்கு நேரே வைத்துப் பிரிக்காதீர்கள். ரப்பர் போனதும் பிரேக் சீராகும், ஆனால் தொளதொளவென்று ஆகிவிடும். அதற்காகவே அழுத்த அழுத்த இறுகும் ஸ்பிரிங்குகள் தனியாக விற்கிறார்கள். கையில் காசு குறைவென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆனால் ஸ்பிரிங் மாற்றினாலும் பெடல் எவ்வளவு தூரம் போனது என்பதைத்தான் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற சென்சார் அளக்கிறது. நம் கால் நினைவில் வைத்திருப்பது தூரத்தை அல்ல, அழுத்தத்தை. லோட்செல் என்ற விசை சென்சார் அளப்பது அந்த அழுத்தத்தை. இத்தாலியின் மோன்சா ரேஸ் பாதையில் முதல் சிக்கேனில் (அடுத்தடுத்து வரும் குறுகிய வளைவுகளில்) ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் பிரேக் பிடித்து, வளைவுக்குள் மெல்ல மெல்ல விடும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும்.

ரெடிமேட் லோட்செல் கிட் வாங்கலாம். இறக்குமதி வரி போட்டுக் கணக்குப் பார்த்தால் பலருக்கு மனசு வராது. நாமே செய்வதானால் தேவை மூன்று பொருள்: ஒரு பார் வகை லோட்செல், அதன் சிக்னலைப் பெருக்கும் எச்எக்ஸ்711 ஆம்ப்ளிஃபயர் போர்டு, அட்மெகா 32யு4 சிப் உள்ள ஆர்டுயினோ புரோ மைக்ரோ. இந்தச் சிப்தான் கணினிக்குத் தன்னை ஜாய்ஸ்டிக் என்று காட்டிக்கொள்ளும். ஆர்டுயினோ நானோ வாங்கினால் அது நேரடியாக முடியாது. லோட்செல்லுக்கு ஆன்லைனையே நம்ப வேண்டியதில்லை. கடலூர் துறைமுகத்து மீன் எடைத் தராசில் இருப்பதும் இந்த இனம்தான், தராசு ரிப்பேர் செய்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும்.

எத்தனை கிலோ செல் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "என் கால் 20 கிலோதான் அழுத்தும், 20 கிலோ செல் போதும்" என்ற கணக்கு தப்பு. பெடல் ஒரு நெம்புகோல். சுழலும் அச்சிலிருந்து 18 செ.மீ. உயரத்தில் பாதம் அழுத்தி, 6 செ.மீ. உயரத்தில் செல் இருந்தால், செல்லின் மேல் விழுவது மூன்று மடங்கு. 20 கிலோ அழுத்தினால் 60 கிலோ. ஆகவே அந்த அமைப்புக்கு 100 கிலோ செல்தான். தாங்கும் அளவைத் தாண்டிய செல் உடனே உடையாது, நிரந்தரமாக வளைந்துவிடும். அதன்பின் காலை எடுத்தாலும் கேமில் பிரேக் கொஞ்சம் பிடித்தபடியே நிற்கும்.

பொருத்தும்போது ஒரு முனையை மட்டும் இறுக்குங்கள், அதற்கடியில் 3 மி.மீ. வாஷராவது கொடுங்கள். தட்டையாகப் பலகையோடு சேர்த்து இறுக்கினால் செல் வளைய இடமில்லை, ரீடிங் வராது. நுனியில் உள்ள அம்புக்குறி விசை விழும் திசையைக் காட்ட வேண்டும். ஆம்ப்ளிஃபயர் போர்டில் ஒயர் போகும் இடம் பெரும்பாலும் சிவப்பு ஈ பிளஸ், கறுப்பு ஈ மைனஸ், பச்சை ஏ பிளஸ், வெள்ளை ஏ மைனஸ். அழுத்தும்போது எண் குறைந்தால் பச்சையையும் வெள்ளையையும் இடம் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது யாரும் சொல்லித்தராத விஷயம். மலிவான எச்எக்ஸ்711 போர்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 10 ரீடிங் வேகத்தில்தான் வருகின்றன. தராசுக்கு அது போதும், பிரேக்குக்கு அது நொண்டி. ரீடிங்குக்கும் ரீடிங்குக்கும் நடுவே 100 மில்லி நொடி, 200 கி.மீ. வேகத்தில் கார் அதற்குள் ஐந்தரை மீட்டர் போய்விடும். எச்எக்ஸ்711 சிப்பின் 15-ஆம் கால்தான் (பின்) வேகத்தைத் தீர்மானிக்கிறது. அது கிரவுண்டோடு இணைந்திருக்கும். மெல்லிய ஊசியால் அந்தக் காலைப் போர்டிலிருந்து தூக்கி, பக்கத்திலேயே உள்ள 16-ஆம் காலோடு சால்டர் வைத்து இணைத்தால் நொடிக்கு 80 ரீடிங். சால்டரிங் கம்பியின் முனை தடியாக இருந்தால் இந்த வேலையை மொபைல் ரிப்பேர் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

செல்லிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதனால் ஆம்ப்ளிஃபயரைப் பெடலுக்கு அருகிலேயே வையுங்கள், ஒயரை வீலின் அடாப்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை உண்டு. செல்லின் நடுவில் வெள்ளைப் பசைக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜில் (வளைவை உணரும் மெல்லிய தகட்டில்) ஈரம் இறங்கினால் பூஜ்யம் தானாக நகரத் தொடங்கும். அதன்மேல் சிலிக்கோன் பூசலாம். ஆனால் வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிக்கோன் செம்பை அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று டியூபில் எழுதியிருப்பதை வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் கேமுக்குள் பிரேக் காமாவை (பெடல் அழுத்தத்தைக் கேம் எந்த வளைவில் எடுத்துக்கொள்கிறது என்ற அமைப்பை) 1-க்கு இறக்க மறக்காதீர்கள். அசெட்டோ கோர்ஸா கேமில் அது உயர்த்தி வைக்கப்பட்டிருப்பது பொட்டென்ஷியோமீட்டர் பெடலுக்காக. அப்படியே விட்டால் லோட்செல் போட்ட பயனே தெரியாது.

இன்னொன்று: 20, 30 கிலோ அழுத்த ஆரம்பித்ததும் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி பின்னால் ஓடும், பெடல் முன்னால் ஓடும். இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டியாக வேண்டும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வேண்டவே வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி உப்பி, போல்ட் பிடி விட்டுவிடும். 18 மி.மீ. 710 கிரேடு பிளைவுட் கேளுங்கள்.

இனி ஸ்டீயரிங். 35 செ.மீ. ரிம் (ஸ்டீயரிங் வளையம்) பார்வைக்கு அழகு. கணக்குப் போட்டால் முகம் சுருங்கும். ஜி29-இன் சொந்த ரிம் சுமார் 27 செ.மீ., விளிம்பில் கைக்குத் தெரியும் அதிகபட்ச விசை சுமார் 1.7 கிலோ. அதே மோட்டாரில் 35 செ.மீ. மாட்டினால் 1.3 கிலோ. எடை அதேயானாலும் சுழற்சித் தடை கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடும். பின்சக்கரம் வழுக்கும் அந்தச் சின்ன அதிர்வு முதலில் காணாமல் போவது அதனால்தான். மாற்றியே தீருவேன் என்றால் 28 முதல் 30 செ.மீ.க்குள், எடை குறைந்ததாக எடுங்கள். பழைய மாருதி ஸ்டீயரிங்கை மாட்டலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம்.

ஸ்பார்கோ, ஓஎம்பி, மோமோ ரிம்களில் பரவலாக இருப்பது 70 மி.மீ. பிசிடி (போல்ட் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம்), ஆறு துளை. நார்டி என்றால் 74. ரிம்மை வீலோடு இணைக்கும் அடாப்டரைப் புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் லேத்தில் கொடுத்தே கடையலாம். பிசிடி, துளை எண்ணிக்கை, எம்5 போல்ட் என்று சொன்னால் போதும். அலுமினியத்தில் கேளுங்கள், இரும்பு இங்கே நிற்காது. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் உப்புக்காற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது மரை உரிந்து வரும். முறுக்கும் முன் மரையில் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவிவிடுங்கள். 3டி பிரிண்ட் அடாப்டர் என்றால் பிஎல்ஏ பிளாஸ்டிக் தவிர வேறெதிலும் அடிக்கலாம். 60 டிகிரி சூட்டிலேயே பிஎல்ஏ இளகும், வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மதியம் போதும்.

காந்த பேடில்கள் கிளிக் சுகத்துக்கு மட்டும். நியோடிமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சு எங்கே பெயர்ந்தாலும் அங்கிருந்து துரு பொடியாக உதிரும்.

மேம்பாடு என்று பெயர் வாங்காத வேலைகள்தான் இந்தக் கடற்கரையில் அதிகம் உழைக்கின்றன. பெடலை வீலோடு இணைக்கும் ஒன்பது ஊசி கனெக்டரில் பச்சை படியும். ஆக்சிலரேட்டர் தானாக நடுங்கினால் பொட்டென்ஷியோமீட்டரைக் குறை சொல்லும் முன் அந்த ஊசிகளைக் கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள். அதிலும் சரியாகவில்லையென்றால் பொட்டென்ஷியோமீட்டருக்குள் அதையே அடித்து, பெடலை முப்பது நாற்பது முறை மிதியுங்கள். சாதா டபிள்யூடி-40 எண்ணெய்ப் படலம் விட்டுவிடும், தூசியை இழுக்கும். பொட்டென்ஷியோமீட்டரைக் கழற்ற நேர்ந்தால் அதன் பல் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளிப்போனாலும் பெடல் முழு அளவு காட்டாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங்கின் நடு இடம் நகர்ந்தால் மோட்டார் அச்சிலுள்ள என்கோடர் தட்டை (சுழற்சியை அளக்க உதவும் கீற்றுத் தட்டை) பாருங்கள். அதில் விரிசல் விட்டு வழுக்குவது ஜி25, ஜி27 காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. ஒட்ட எபாக்சி பயன்படுத்துங்கள். ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி, தட்டின் கீற்றுகளிலும் சென்சார் மேலும் வெள்ளையாகப் படிந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

எங்கே நிறுத்துவது? மோட்டார் அச்சிலேயே ஸ்டீயரிங் நேரடியாக அமரும் டைரக்ட் டிரைவ் வீல்களில் ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர், மோசா ஆர்5 5.5. ரிம், அடாப்டர், பேடில் எல்லாம் சேர்ந்து அந்த மாதிரி ஒரு டைரக்ட் டிரைவ் விலையில் பாதியைத் தொடுகிறதென்றால், அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு மீதியைச் சேமியுங்கள். லோட்செல் பிரேக்கை ஜி29-இன் பழைய கனெக்டருக்குள் நுழைக்காமல் தனி யுஎஸ்பியாகவே விடச் சொல்வதும் இதற்காகத்தான்: நாளைக்கு எந்த வீல் வாங்கினாலும் கணினியில் அது அப்படியே வேலை செய்யும். கழற்றிய ரப்பரையும் பழைய ஸ்பிரிங்கையும் திருகுகளோடு ஒரு டப்பாவில், சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். ஜி29-ஐ விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.