கோழி மணக்கும் நாய்ப் பற்பசை: பசை சரி, பிரஷ் சரியில்லை

பசைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். அதே பெட்டிக்குள் வரும் பிரஷ்ஷுக்கு ஒன்றும் கிடையாது.

எங்கள் மணி நாட்டு நாய். அவன் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். மாமியார் கருவாட்டின் மேல் பழி போட்டார். கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார்: மேல் கடைவாய்ப் பல்லில் பழுப்பேறிய காரை, அதையொட்டிச் சிவந்து வீங்கிய ஈறு. உமிழ்நீர்க் குழாய் அந்தப் பல்லுக்கு அருகில்தான் திறக்கிறது. அதனால் காரை அங்கே சீக்கிரம் பிடிக்குமாம். இறுகிய காரையை எந்தப் பசையும் கரைக்காது. மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டி எடுத்த பிறகே இதை வாங்கினோம்.

நொதி சேர்த்த பசை இது. நுரைக்காது, கொப்பளிக்க வேண்டாம், நாய் விழுங்கினாலும் பயமில்லை. நாம் பல் விளக்கும் பசையை நாய்க்குப் போடவே கூடாது. சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும். அது நாயின் இரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கி உயிருக்கே உலை வைத்துவிடும்.

கோழி மணம் என்று டியூபில் போட்டிருக்கிறது. எனக்கென்னவோ பழைய சூப் தூள் வாடைதான். மணிக்கு மூடி திருகும் சத்தம் கேட்டால் போதும், கட்டிலுக்கு அடியில் இருந்தாலும் வந்து நிற்கிறான். பட்டாணி அளவு எடுத்து, உதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் வெளிப்பக்கமாகத் தேய்க்கிறேன். உட்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். 42 பல் என்று மலைக்க வேண்டாம், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. தினமும் செய்ய வேண்டும். பல்லில் படியும் படலம் சில நாட்களிலேயே இறுகிவிடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தேய்த்துப் பயனில்லை.

பிரஷ் என்பது விரலில் மாட்டும் ரப்பர் உறை. என் விரலில் லொடலொடவென்று ஆடியது. கடைவாய்ப் பக்கம் போனதும் கழன்று மணியின் வாயோடு போயிற்று. தாடையைப் பிளந்து பிடுங்கினேன். இப்போது குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ் ஒன்று அவனுக்கென்றே இருக்கிறது.

விலை அதிகம்தான். காரை எடுத்த பில்லைப் பார்த்தபின் மாமியாரே அதைப் பற்றிப் பேசுவதில்லை. பெட்டியாக வாங்காதீர்கள், டியூபைத் தனியாகக் கேட்டாலும் கடையில் தருகிறார்கள். பூனைக்கும் ஆகும் என்று போட்டிருக்கிறது, சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டில் பூனை இல்லை.