குளோன்சில்லா: பழைய நிறுவலை அப்படியே புதிய கணினிக்குக் கொண்டுபோதல்

புதிய கணினி வாங்கும்போது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக்கொண்டு கோப்புகளை மட்டும் எடுத்துச் செல்வதே நல்லது என்று பலரும் சொல்வார்கள். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் செப்பனிட்டு வைத்திருக்கும் லினக்ஸ் நிறுவலை உடையவருக்கு அது எளிதில் ஏற்கக்கூடிய அறிவுரை அன்று. அச்சுப்பொறிக்காகத் தேடிப் பிடித்த டிரைவர், தமிழ்த் தட்டச்சு அமைப்பு, குறித்த நேரத்தில் தானே இயங்கும் கிரான் பணிகள், எப்போது எழுதினோம் என்றே நினைவில்லாத சிறு ஸ்கிரிப்டுகள் ஆகியவற்றை மறுபடியும் ஒன்றுசேர்ப்பதற்கு ஆகும் நேரத்தை அந்த அறிவுரை கணக்கில் கொள்வதில்லை. சாட்டா இணைப்பில் இயங்கும் எஸ்எஸ்டி கொண்ட பழைய மடிக்கணினியில் இருந்த டெபியன் என்னும் லினக்ஸ் வகையை, வேறு வகை இணைப்பான என்விஎம்இ வட்டு கொண்ட புதிய மடிக்கணினிக்கு மாற்றுவதற்காக நான் பயன்படுத்திய கருவி குளோன்சில்லா. வட்டை நகலெடுக்கும் வேலையில் அதைக் குறை சொல்ல ஏதுமில்லை; ஆனால் நிறுவலை இடம் மாற்றுவது என்பது வட்டை நகலெடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த மிச்ச வேலையைப் பற்றியதாகவே இருக்கும்.

தைவானின் உயர்செயல்திறன் கணிப்புக்கான தேசிய மையத்தில் ஸ்டீவன் ஷியாவ் தலைமையில் உருவாகிவரும் கட்டற்ற மென்பொருள் இது. ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. இதை எந்தக் கணினியிலும் நிறுவ வேண்டியதில்லை. பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தை உள்ளிருந்தபடியே நகலெடுக்க இதனால் இயலாது என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நிறையாகவே படுகிறது, ஏனெனில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் வட்டிலிருந்து எடுக்கும் நகலைவிட, உறங்கும் வட்டிலிருந்து எடுக்கும் நகலே நம்பத்தக்கது.

வட்டிலுள்ள ஒவ்வொரு செக்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கும் பழைய டிடி கட்டளையிலிருந்து இது வேறுபடுவது, உள்ளே இயங்கும் பார்ட்குளோன் என்னும் நிரலால்தான். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளின் அமைப்பை அது அறிந்திருப்பதால், உண்மையில் பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 256 ஜிபி வட்டில் கால்வாசிதான் நிறைந்திருக்கிறது என்றால், கால்வாசிக்கான நேரம்தான் ஆகும். இரண்டு வட்டுகளையும் ஒரே கணினியில் இணைக்க முடிந்தால் வட்டிலிருந்து வட்டுக்கு நேரடியாக மாற்றலாம். இல்லையென்றால் வெளி வட்டிலோ வலையமைப்பில் உள்ள வேறொரு கணினியிலோ இமேஜாக (முழு நகலையும் தாங்கிய கோப்புத் தொகுப்பாக) சேமித்து, பிறகு புதிய கணினியில் மீட்டுக்கொள்ளலாம்.

திரைகள் எல்லாம் எழுத்து வடிவிலான பெட்டிகள். சுட்டிக்கு வேலையில்லை, டேப், ஸ்பேஸ், என்டர் ஆகிய விசைகளே போதும். மூல வட்டையும் இலக்கு வட்டையும் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பொறுமை வேண்டும். எஸ்டிஏ, என்விஎம்இ0என்1 என்று வரும் பெயர்களை நம்பாமல், அவற்றின் அருகே காட்டப்படும் கொள்ளளவையும் தயாரிப்பு மாடலையும் படித்துப் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுள்ள இரண்டு வட்டுகள் என்றால் வரிசை எண் வரையிலும் பார்ப்பது நல்லது. இலக்கு வட்டில் உள்ளவை அனைத்தும் அழியும் என்று எச்சரித்து, ஒய் என்று தட்டச்சு செய்யச் சொல்லி ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறது. இந்தக் கேள்விகள் எரிச்சலூட்டும் என்றாலும், அவை குறைந்துபோவதை நான் விரும்பமாட்டேன்.

வட்டின் அளவு குறித்து ஒரு விதி உண்டு: இயல்பான அமைப்பில் இலக்கு வட்டு மூல வட்டின் அளவாவது இருக்க வேண்டும். பெரிய வட்டுக்குப் போகும்போது மிஞ்சும் இடம் ஒதுக்கப்படாமல் கடைசியில் கிடக்கும். அதை, வட்டின் பிரிவுகளான பார்ட்டிஷன்களைத் திருத்தும் ஜிபார்ட்டட் கருவியைக் கொண்டு விரித்துக்கொள்ளலாம், அல்லது நிபுணர் முறையில் பார்ட்டிஷன் அட்டவணையை விகிதாசாரப்படி அமைக்கச் சொல்லலாம். விண்டோஸில் சி டிரைவுக்கு அடுத்து மீட்புப் பார்ட்டிஷன் குறுக்கே உட்கார்ந்திருப்பதால், முதலில் அதை நகர்த்தினால்தான் விரிவாக்க முடியும். சிறிய வட்டுக்குப் போவதாக இருந்தால் மூலப் பார்ட்டிஷனை முன்கூட்டியே சுருக்க வேண்டும். இஎக்ஸ்டி4 இதற்கு இசையும். எக்ஸ்எஃப்எஸ் விரியுமே தவிரச் சுருங்காது என்பதால், அதைப் பயன்படுத்துவோர் இந்த வழியை மறந்துவிடலாம்.

இனி, நகலெடுத்து முடித்த பிறகு வரும் வேலை. கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர் யூஇஎஃப்ஐ வகையாக உள்ள இன்றைய கணினிகளில், எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற குறிப்பு வட்டில் இருப்பதில்லை; அது மதர்போர்டில் உள்ள என்விரேம் நினைவகத்தில் இருக்கிறது. ஆகவே வட்டை எவ்வளவு துல்லியமாக நகலெடுத்தாலும் அந்தக் குறிப்பு கூடவே வராது. புதிய கணினியிலேயே குளோன்சில்லாவைத் தொடங்கி இமேஜை மீட்டால், அந்தக் குறிப்பை அதுவே புதிதாக எழுதிவிடுகிறது. பழைய கணினியிலேயே இரண்டு வட்டுகளையும் இணைத்து நகலெடுத்துவிட்டு, புதிய வட்டைக் கழற்றிக்கொண்டுபோய் மாட்டினால்தான் சிக்கல்: புதிய கணினியின் ஃபர்ம்வேருக்கு அந்த வட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்போது அது, வட்டின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட் என்னும் கோப்புறைக்குள் பூட்எக்ஸ்64 என்ற பொதுப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். விண்டோஸும் உபுண்டுவும் அங்கே ஒரு பிரதியை வைத்துவிடுகின்றன. டெபியன் இயல்பாக வைப்பதில்லை. எனவே டெபியன்காரர்கள் புறப்படுவதற்கு முன்பே, பழைய கணினியில் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் பொதியை மறுஅமைவு செய்து, கழற்றக்கூடிய ஊடகத்துக்கான பாதையிலும் நிறுவலாமா என்று அது கேட்கும்போது ஆம் என்று சொல்லிவிடுவது நலம். அப்படிச் செய்திருந்தால் புதிய மடிக்கணினி முதல் முறையிலேயே கிரப் பட்டியலைக் காட்டிவிடும். இல்லையென்றால் லைவ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, வட்டில் உள்ள நிறுவலுக்குள் குரூட் கட்டளையால் நுழைந்து கிரப்பை மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும்.

மற்றொன்று, நகல் வட்டில் பார்ட்டிஷன்களின் யூயுஐடி என்னும் அடையாள எண்களும் அப்படியே நகலாகின்றன. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்தாமலே கணினி தொடங்குவது இதனால்தான். ஆனால் பழைய வட்டையும் அதே கணினியில் விட்டுவைத்தால், ஒரே அடையாளத்துடன் இரண்டு பார்ட்டிஷன்கள் இருக்கும். எது மவுண்ட் ஆகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிடிஆர்எஃப்எஸ் என்றால் தரவே சிதையக்கூடும். முதல் தொடக்கத்துக்கு முன் பழைய வட்டைக் கழற்றிவிட வேண்டும். பழைய கணினியையும் தொடர்ந்து பயன்படுத்தப் போகிறவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும்: நிறுவலின் அடையாள எண்ணான மெஷின் ஐடியும், தொலைவிலிருந்து நுழையும்போது கணினியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி வழியே வலையமைப்பை நடத்தும் கணினிகளில், ஒரே மெஷின் ஐடி காரணமாக ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரியைக் கொடுத்துக் குழப்பம் விளைவதும் உண்டு. ஒரு கணினியில் இவற்றை அழித்துப் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

லினக்ஸில் டிரைவர் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை, ஏனெனில் டெபியனும் உபுண்டுவும் தங்கள் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பு முறைமையில்) பொதுவாகத் தேவைப்படும் டிரைவர்கள் பலவற்றையும் வைத்திருக்கின்றன. ஃபெடோரா அப்படியன்று, தான் இருக்கும் கணினிக்குத் தேவையானவற்றை மட்டுமே வைத்துக்கொள்ளும். அங்கே கிரப் பட்டியலில் உள்ள மீட்புப் பதிவின் வழியே நுழைந்து, டிராகட் கருவியைக் கொண்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்க வேண்டும். நெட்வொர்க் அட்டையின் பெயர் மாறிவிடும் என்பதால், பழைய பெயரை நேரடியாக எழுதி வைத்திருக்கும் சர்வர்கள் வலையமைப்பு இல்லாமலே எழுந்து நிற்கும்.

விண்டோஸுக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. குளோன்சில்லா தன் பங்கைச் சரியாகவே செய்துவிடும். தயக்கத்துக்குக் காரணம் விண்டோஸ்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினி அணைக்கப்பட்டதுபோல் தோன்றினாலும் பாதி உறக்கத்தில்தான் இருக்கும்; ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி முழுதாக அணைக்காவிட்டால் என்டிஎஃப்எஸ் நகலுக்குத் தயாராக இராது. புதிய கணினியின் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் இன்டெல் விஎம்டி போன்ற வேறு முறையில் அமைக்கப்பட்டிருந்து, அதற்கான டிரைவர் பழைய நிறுவலில் இல்லையென்றால், தொடக்கத்திலேயே நீலத் திரை வந்து நிற்கும். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. தனியாக விலைக்கு வாங்கிய ரீடெய்ல் உரிமத்தைத்தான் மாற்றிக்கொள்ள முடியும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதால், அந்தப் பழைய நிறுவலை மெனக்கெட்டுச் சுமந்து செல்வதிலும் பொருளில்லை.

குறியாக்கம் செய்யப்பட்ட வட்டுகளில்தான் இக்கருவியின் வசதி குறைகிறது. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷனை அதனால் படிக்க முடியாது. காலியிடம் உட்பட முழுவதையும் அப்படியே நகலெடுக்கும், நேரமும் இடமும் பல மடங்காகும். புதிய கணினியில் சாவியைக் காத்துவைக்கும் டிபிஎம் சில்லு வேறு என்பதால், 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாவிட்டால் அந்த நகலைத் திறக்கவே இயலாது. விண்டோஸ் 11 ஹோமில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தவுடன் பல கணினிகளில் இக்குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுவதால், தம் வட்டு பூட்டியிருக்கிறது என்பதையே அறியாதவர்கள் பலர். நகலெடுப்பதற்கு முன் அதை நீக்கிவிட்டு, மாறிய பிறகு மறுபடி போட்டுக்கொள்வதே எளிது.

எழுத்துத் திரைகளைக் கண்டு மிரள்பவர்களுக்கு ரெஸ்கியூசில்லா இருக்கிறது: சுட்டியால் இயக்கக்கூடியது, குளோன்சில்லாவின் இமேஜ்களையும் திறக்கும். வட்டுக்கு வட்டு மாற்றுவதைவிட, நேரம் சற்றுக் கூடினாலும் இமேஜ் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். சேமித்து முடித்ததும் அந்த இமேஜ் மீட்கத்தக்கதா என்று குளோன்சில்லாவே சரிபார்த்துச் சொல்லும்; அந்தச் சோதனையைத் தவிர்க்கும் தேர்வும் பட்டியலில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். பழைய வட்டை விற்பதாகவோ வேறொருவருக்குக் கொடுப்பதாகவோ இருந்தால், புதிய கணினியில் அச்சுப்பொறி, வைஃபை, உறக்கநிலை மூன்றும் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.