படிகாரம், பெக், உறைபனி: நீரில் ஊறிய பழைய மரத்துக்கு எது நல்லது?

பல நூறு ஆண்டுகள் நீரடியில் கிடந்த மரத்தை வெளியே எடுத்தால், முதல் பார்வைக்கு நேற்று அறுத்த பலகை போலவே இருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும். மர நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸைப் பாக்டீரியா தின்றுவிட, மிஞ்சியிருப்பது பெரும்பாலும் லிக்னின் என்ற விறைப்பான பொருளின் கூடுதான். அந்தக் கூட்டைத் தாங்கி நிற்பது உள்ளே நிரம்பியிருக்கும் தண்ணீர். சும்மா காயவிட்டால், வெளியேறும் நீரின் பரப்பு இழுவிசை செல் சுவர்களை உள்ளிழுத்துச் சப்பையாக்கிவிடும். சுருங்கி முறுக்கிக்கொண்ட பலகை மறுபடி நீரில் போட்டாலும் பழைய வடிவத்துக்கு வராது.

இதைத் தடுக்கும் முறைகளை வேலை முடிந்த நாளின் அழகை வைத்து மதிப்பிடவே கூடாது. அரை நூற்றாண்டு கழித்து மரம் என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

அப்படிப் பார்த்தால் தோற்றுப்போனது படிகாரம். நார்வேயில் 1904-ல் தோண்டிய ஓசெபெர்க் என்ற வைக்கிங் காலக் கப்பல் புதைகுழியில், செதுக்கு வேலைப்பாடு நிறைந்த மரப்பொருள்கள் ஏராளம். அவற்றில் பலவற்றைச் சூடான படிகாரக் கரைசலில் ஊறவைத்தார்கள். ஆறியதும் படிகாரம் உள்ளே படிகமாகி மரத்தைத் தாங்கும் என்பது திட்டம். அது மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கோடு நின்றுவிட்டது. அதைவிட மோசம், கரைசலைச் சூடாக்கியபோதே கந்தக அமிலம் உருவாகி மரத்துக்குள் தங்கிவிட்டது. வெளியே நல்ல உருவம், உள்ளே பொடி. கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்யவில்லை. அன்று கையில் இருந்ததில் நல்ல முறை அதுதான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அடுத்து பெக், அதாவது பாலி எத்திலீன் கிளைக்கால். நீரில் கரையும், மெழுகு போன்ற பொருள். மெல்ல மெல்ல நீரின் இடத்தைப் பிடித்துச் செல் சுவரைத் தாங்கும். முழுக் கப்பல் என்றால் நடைமுறையில் இதுதான் வழி. 1628-ல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 1961-ல் தூக்கினார்கள். 1962 முதல் 1979 வரை பதினேழு ஆண்டுகள் பெக் தெளித்தார்கள். 1545-ல் மூழ்கிய இங்கிலாந்தின் மேரி ரோஸ் போர்க்கப்பல் 1982-ல் மேலே வந்தது. அதற்கு முதலில் குளிர்ந்த நீர், பிறகு 1994 முதல் 2013 வரை பெக். அதிலும் முதலில் சிறிய மூலக்கூறு கொண்ட வகை, பின்னர் பெரியது. சிறியது கெட்டியான மரத்துக்குள்ளும் ஊடுருவும், பெரியது சிதைந்த வெளிப்பகுதியைத் தாங்கும். இந்த இரண்டு கட்ட முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் பெக் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2000-ம் ஆண்டு மழைக்கோடையில் வாசா அருங்காட்சியகத்தில் ஈரப்பதம் ஏற, மரத்தின் மேல் அமில உப்புகள் பூத்தன. துறைமுகச் சேற்றிலிருந்து மரம் உறிஞ்சிய கந்தகம், துருப்பிடித்த ஆணிகளின் இரும்பு துணைபுரிய, கந்தக அமிலமாக மாறியிருந்தது. இரும்பை முன்கூட்டியே கழுவி எடுக்காத மரத்துக்கு எந்த முறையும் முழுப் பாதுகாப்பு தராது. அப்புறம் எடையும் ஒரு சிக்கல்: பெக் நிரம்பிய வாசா தன் பாரத்தாலேயே வடிவம் மாறி வருகிறது.

பாகம் பாகமாகப் பிரிக்கக்கூடிய பொருள் என்றால் என் தேர்வு உறைய வைத்து உலர்த்துவதுதான். முதலில் பெக் கொஞ்சமாக ஏற்றி, பிறகு மரத்தை உறைய வைத்து, வெற்றிட அறையில் பனிக்கட்டியை நேராக ஆவியாக்குவார்கள். திரவ நீரே இல்லாததால் இழுவிசையும் இல்லை. மரம் லேசாக இருக்கும், நிறமும் கறுத்துப்போகாது. 1686-ல் டெக்சாஸ் கரையோரம் மூழ்கிய லா பெல் கப்பலுக்கு முதலில் பெக் முறைதான் திட்டம். அதன் விலை ஏறியதும் இந்த முறைக்கு மாறினார்கள். பலகை பலகையாக உலர்த்தி, ஆஸ்டின் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் கண்முன்னே திரும்பச் சேர்த்தார்கள். குறை என்றால் கருவியின் விலையும் அறையின் அளவும்தான்.

சர்க்கரையும் உண்டு. சாதாரணச் சர்க்கரை மலிவு, ஆனால் ஊறும்போதே புளிக்கும், ஈரக் காற்றில் பிசுபிசுக்கும். ஜப்பானில், மங்கோலியப் படையெடுப்புக் கப்பல்களின் எச்சங்கள் கிடைத்த தகாஷிமாவின் மரங்களுக்கு டிரெஹலோஸ் என்ற வகையைப் பயன்படுத்துகிறார்கள். அது எளிதில் சிதையாது, ஈரத்தையும் அவ்வளவாக இழுக்காது.

இது நமக்கும் தேவையான செய்தி. பழைய முசிறி என்று கருதப்படும் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007-ல் மரத்தோணி ஒன்று கிடைத்தது. அந்தக் கரையோர ஈரக் காற்றில், சிறிய மூலக்கூறு பெக் நிறைய ஏற்றிய மரம் வியர்த்து ஒழுகும். அங்கே நான் டிரெஹலோஸையோ, குறைந்த பெக்கோடு உறைய வைத்து உலர்த்துவதையோதான் கேட்பேன். எதை எடுப்பது என்று முடிவாகும்வரை மரம் இருட்டான தொட்டியில், அடிக்கடி மாற்றிய நல்ல நீரில், ஒரு நாள்கூடக் காயாமல் கிடக்க வேண்டும்.