பேக்கப் கேபிள் என்று சொல்லி 1,46,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். லாட்ஜ், கடை வைத்திருப்பவர்கள் படியுங்கள்

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷன் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். விடிகாலை அக்னி தீர்த்தத்தில் முழுக வந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நிற்கின்றன. அந்த நேரம் பார்த்து பில்லிங் நின்றது. கேமரா அத்தனையும் கருப்பு. யாருக்கு எந்த அறை கொடுத்தோம் என்றே தெரியவில்லை. வயதான ஓர் அம்மா சாவியை வாங்கிப்போய்க் கதவைத் திறந்தால் உள்ளே வேறு குடும்பம். அவர் திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மூன்று மாதம் முன்பு ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர், கேமரா விற்று மாட்டியும் தரும் ஒரு கடைக்கு 1,46,000 ரூபாய் கொடுத்தேன். முன் கட்டடத்துக்கும் பின் கட்டடத்துக்கும் நடுவே ஒரே கேபிள்தான் இருந்தது. அதை எலி கடித்து ஒரு நாள் பூராவும் அவதிப்பட்டோம். அதனால் ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்க வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் நேரில் வந்தார். டீ குடித்தார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். “மேனேஜ்டு சுவிட்ச் நாலு போடுறேன்ணே, ஒரு கேபிள் அறுந்தாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது.” சுவிட்ச் என்றால் கம்ப்யூட்டர், கேமரா கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் பெட்டி. மேனேஜ்டு என்றால் அதற்குள் போய் அமைப்பை மாற்றிக்கொள்ளக்கூடியது.

வேலை முடிந்த அன்று என் கண் முன்னாலேயே ஒரு கேபிளைப் பிடுங்கினார். கேமரா படம் அசையவில்லை. “பாத்தீங்களாண்ணே?” என்றார். பாக்கிப் பணத்தை அப்போதே எண்ணிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கேபிளின் மறுமுனை பின் கட்டடத்தில் எதிலும் சொருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. எங்கேயும் போகாத கேபிளைப் பிடுங்கினால் படம் எப்படி நிற்கும்?

அமாவாசைக்கு முந்தின நாள் மதியம் கூடுதலாக ஒரு கேமரா மாட்ட அதே கடைப் பையன் வந்தான். தொங்கின முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று நினைத்துச் சொருகிவிட்டுக் கிளம்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நான் போய்ப் பார்த்தபோது எல்லா சுவிட்சிலும் பச்சை விளக்குகள் அத்தனையும் ஒரே சீராகப் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன.

கடைக்குப் போன் போட்டேன். “கரண்ட் ஏத்த இறக்கமா இருக்கும்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” செய்தேன், ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அடுத்து, “கடல் காத்துல உப்பு ஏறியிருக்கும்.” மூன்று மாதத்தில் நாலு சுவிட்சும் ஒரே நொடியிலா உப்பேறும்? அப்புறம், முதலாளி கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில், “நீங்க ஏதோ கேபிள மாத்திச் சொருகிட்டீங்க, அதுக்கு நாங்க பொறுப்பில்ல.”

மதுரையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அக்கா மகன் ராத்திரி பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தான். விளக்கைப் பார்த்ததுமே, “லூப் மாமா” என்று ஒரு கேபிளை உருவினான். அத்தனையும் உயிர் வந்தது.

அவன் சொன்னது இது. ஒரு கம்ப்யூட்டர் எல்லாரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், சுவிட்ச் அதை வந்த வழி தவிர எல்லா வழியிலும் நகலெடுத்து அனுப்பும். இரண்டு சுவிட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் இருந்தால் ஒன்றில் போனது இன்னொன்றில் திரும்பி வரும், மறுபடி போகும். ஈதர்நெட்டில், அதாவது இந்த மாதிரி கேபிள் நெட்வொர்க்கில், போகும் தகவலுக்கு இத்தனை முறை சுற்றினால் சாக வேண்டும் என்ற கணக்கே கிடையாது. சுற்றிச் சுற்றி வழியையே அடைத்துவிடும். இந்தச் சுற்றுக்குத்தான் லூப் என்று பெயர்.

இதற்கு மருந்து ஒன்றும் புதுசு இல்லை. ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-லேயே கண்டுபிடித்த ஸ்பேனிங் ட்ரீ. சுவிட்சுகள் இரண்டு நொடிக்கு ஒருமுறை தங்களுக்குள் செய்தி அனுப்பிப் பேசி, ஒன்றைத் தலைமையாக வைத்துக்கொண்டு, மிச்சமான வழியை மூடி வைக்கும். ஓடுகிற கேபிள் அறுந்தால் மூடியதைத் திறந்துவிடும். பழைய முறையில் அதற்கு 30 முதல் 50 நொடி ஆகும், 2001-ல் வந்த ரேபிட் முறையில் சில நொடிதான். நான் 1,46,000 ரூபாய் கொடுத்தது இதற்குத்தான். பில்லில் மேனேஜ்டு என்று அச்சடித்திருக்கிறது. பெட்டியைத் திருப்பி மாடல் நம்பரைப் பார்த்தால் நாலும் சாதா சுவிட்ச். அதற்குள் போய் எதையும் மாற்றவே முடியாது, இந்த ஸ்பேனிங் ட்ரீயும் அதில் கிடையாது. தெரிந்தேதான் ஒரு முனையைத் தொங்கவிட்டிருக்கிறார். சொருகினால் என்ன ஆகும் என்று தெரியாதவர் எதற்குத் தொங்கவிட வேண்டும்?

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இவ்வளவுதான் வருகிறது. பில்லில் மாடல் நம்பர் எழுதி வாங்குங்கள், பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். சுவிட்சுக்குள் லாகின் செய்து ஸ்பேனிங் ட்ரீ ஓடுவதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பிடுங்கிக் காட்டினால் இரண்டு முனையையும் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு, இரண்டு கேபிளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். விளக்கெல்லாம் ஒன்றாகத் துடித்தால் கடைசியாகச் சொருகிய கேபிளை முதலில் உருவுங்கள்.

நாளைக் காலை பில்லையும் நாலு பெட்டியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போகிறேன். 1,46,000 ரூபாய் திரும்பி வராவிட்டால் அங்கிருந்து நேராக நுகர்வோர் ஆணையத்துக்குத்தான்.